நெல்லிவளவு மறுநடை

செய்தி வந்தபோது காலை பதினோரு மணி. வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயப்போட்டிருந்தேன். காக்கைகளை விரட்டக் கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தபோது அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அவர் குரல் இல்லை.

"அம்மா, இந்த போன்ல கடைசியா உங்க நம்பருக்குத்தான் பேசிக்கிறாரு. நீங்க அவருக்கு இன்னா ஆவணும்?"

"வூட்டுக்காரம்மா" என்றேன்.

எதிர்முனையில் பேருந்துகளின் ஒலிப்பான் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "நான் கள்ளக்குறிச்சியில கயித்துக்கடை வச்சினுகீறேன்மா, பேரு அரங்கநாதன். உங்க வூட்டுக்காரரு கயிறு வாங்க வந்தாரு. வெட்டிக் குடுத்தேன். ஒரு நுனியச் சுட்டேன். இன்னொரு நுனியச் சுடறதுக்குள்ள, செத்த உக்காந்துக்கறேன்னு உக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். நீங்க யாரையாச்சும் தொணைக்குக் கூட்டினு வாங்க."

தொணைக்கு என்று அவர் சொன்னதிலேயே எல்லாம் அடங்கியிருந்தது. துடைப்பத்தை ஓரமாகச் சாத்தினேன். கிழங்குச் சீவலின் மேல் காக்கைகள் இறங்கின. அவை தின்பதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றதாக நினைவு. வெகுநேரம் இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டை, செருப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றோடு ஒரு பையையும் கொடுத்தார்கள். பைக்குள் நீல நைலான் கயிறு, பாம்பு சுருண்டு உறங்குவதுபோல இருந்தது. நைலான் கயிற்றை வெட்டினால் நுனியை நெருப்பில் காட்டி உருக்கவேண்டும். இல்லையென்றால் நூல் நூலாகப் பிரிந்துவிடும். ஒரு நுனி உருகி, கறுத்து, மிளகளவு உருண்டையாக இறுகியிருந்தது. மற்றது பூவைப்போல விரிந்திருந்தது.

அந்தக் கயிறு எங்கே போகவேண்டியது என்று எனக்குத் தெரியும். அவர் அதை எதற்காக வாங்கினார் என்று சொல்ல, அவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் கணவர் கண்ணாயிரம் பிறந்தது மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூலிகள். சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரில், கரும்புக் கட்டுகளின் மேல் மல்லாந்து படுத்தபடி ஆலை வாசல்வரை போவாராம். கீழே உலகம் குலுங்குமாம். மேலே வானம் மட்டும் அசையாமல் கூடவே வருமாம். கல்யாணமான புதிதில் இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். படுத்திருக்கிறவன் பார்ப்பது வேறு, நிற்கிறவன் பார்ப்பது வேறு என்று அப்போதே சொல்வார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு உளுந்தூர்பேட்டையில் லாரி கிளீனர். சாப்பாட்டுக்கடைகளில் லாரி டிரைவர்கள் கூடினால் விபத்துகளைப் பற்றித்தான் பேச்சு. யார் மேல் தப்பு, யாருக்குக் கண் சொக்கியது, யார் குடித்திருந்தான் என்று இலையை மடிக்கும்வரை வழக்கு நடக்கும். இவர் மட்டும் "எங்கண்ணே அது? எந்த வளைவு?" என்று கேட்பாராம். மறுமுறை அந்த வழியாகப் போனால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்ப் பார்ப்பாராம். அங்கே ஒரு புளியமரம் சாலையை மறைத்துக்கொண்டு நிற்கும். அல்லது மழைநீர் தேங்குகிற பள்ளம் ஒன்று இருக்கும். "எல்லாரும் ஆளத் தேடினாங்க. மரம் அங்கயே நின்னுகினு இருந்திச்சி" என்பார்.

வீட்டிலும் இந்தக் குணம் இருந்தது. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற பழக்கத்தால் எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சரம்மா. ஒருநாள் சோறு தீய்ந்துபோனது. "டீச்சரம்மா, நீ எங்க நின்னுகினு இருந்த, எங்க போன, நடந்து காட்டு" என்றார். கோபத்தோடு நடந்து காட்டினேன். தண்ணீர் லாரி வந்த சத்தத்துக்குக் குடத்தோடு ஓடியிருக்கிறேன். மறுநாள் குடங்கள் எல்லாம் வாசலுக்கு இடம் மாறின. சோறு மறுபடி தீயவே இல்லை என்று சொல்லமாட்டேன். தண்ணீர் லாரிக்காகத் தீயவில்லை.

பின்னர் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, கச்சிராயபாளையத்துக்கும் கரியாலூருக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். கல்வராயன் மலையில் ஜீப்பு என்றால் அது பேருந்து, சரக்கு வண்டி, கல்யாண வண்டி, ஆஸ்பத்திரி வண்டி எல்லாம்தான். கடுக்காய் மூட்டையும் பலாப்பழமும் சாமை மூட்டையும் இறங்கும். அரிசியும் சிமெண்டும் ஏறும். மலைச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் ஒற்றையடிப் பாதையில் நடந்து, ஓர் ஓடையைக் கடந்து, மேலே ஏறினால் வருகிற சின்ன ஊர் நெல்லிவளவு. சில வீடுகள், ஒரு நெல்லிமரம், காலையில் நெடுநேரம் விலகாத மூடுபனி, அவ்வளவுதான்.

அங்கே அம்சவள்ளி என்று ஒரு தாய். இரண்டு பெண்கள். மூத்தவள் ஜெயசுதா, இளையவள் தனுஷா. முந்தைய ஆண்டு ஐப்பசி மழையில் ஜெயசுதாவுக்குப் பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போனது. கம்பளியை மூங்கிலில் கட்டி டோலியாக்கித் தூக்கிவந்தார்கள். முன்னால் தோள்கொடுத்தவர் அவளுடைய தாய்மாமன் பச்சமுத்து, அம்சவள்ளியின் தம்பி. ஓடையில் வெள்ளம். வடியட்டும் என்று நின்றார்கள். பாதை முடிவில் என் கணவர் ஜீப்போடு காத்திருந்தார். ஜீப்பில் மலை இறங்கும்போது, கோமுகி அணையின் தண்ணீர் கண்ணில் பட்ட இடத்தில் ஜெயசுதாவின் மூச்சு நின்றது. குழந்தையும் தங்கவில்லை.

அதன்பின் அந்த ஊரில் யார் என்ற கேள்வி மட்டும் உயிரோடு இருந்தது. வழியில் டோலியை நழுவவிட்டான் என்று அம்சவள்ளி தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். போன் பண்ணப் போனவன் சோம்பேறி என்றார்கள் சிலர். ஜீப்புக்காரன் லேட்டு என்றும் சொன்னார்கள். இவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்த ஒரு காலையில் நெல்லிவளவுக்கு நடந்துபோய்ப் பச்சமுத்துவிடம், "என்னத் தூக்கு" என்றார்.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். பச்சமுத்து மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாண்ணே, காலையிலயே ஏத்திக்கினியா?"

"அன்னிக்கு எப்பிடித் தூக்குனீங்களோ அப்பிடியே தூக்குங்க. எங்கெங்க நின்னீங்களோ அங்கெல்லாம் நில்லுங்க."

"அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க. எங்க ஜெயசுதா கொழந்தயாட்டம் இருப்பா. இவரு ஆலைக்குப் போற கரும்பு லோடாட்டம் கீறாரு."

சிரித்துக்கொண்டேதான் தூக்கினார்கள். வேலியோரம் நின்ற பெண்கள், "பொண வெளாட்டு வெளாடுறானுங்கடீ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஊரில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்தது. அவர் வைத்த பெயர் மறுநடை.

செங்குத்தாக இறங்கும் ஒரு வழுக்குப் பாறையருகே வந்ததும் பச்சமுத்துவின் சிரிப்பு அணைந்தது. டோலியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நாந்தாண்ணே. இங்க என் காலு வழுக்கிச்சி. எங்கக்கா சொல்றது நெசம். நாந்தான்."

கம்பளிக்குள் இருந்தபடியே இவர் சொன்னார்: "யாருன்னு கேக்கல பச்சமுத்து. எங்கன்னு கேட்டேன்."

"இந்தக் கல்லாண்ட."

"அப்ப கல்லப் பாப்போம்."

மறுநடைக்கு அது ஒன்றுதான் சட்டம். எங்கே என்று கேட்கலாம். யார் என்று கேட்கக்கூடாது. அந்தப் பாறையில் உளிவைத்துப் படிபோலக் கொத்தினார்கள். பச்சமுத்துவே கொத்தினார். உளிச்சத்தம் பள்ளத்தாக்கில் போய் மோதித் திரும்பி வந்தது, அந்தப் பக்கத்திலும் யாரோ கொத்துவதுபோல.

ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. ஆபத்து என்றதும் போன் பண்ண ஓடியவன் கீழே, சாலையை நோக்கி ஓடியிருக்கிறான். ஊருக்கு மேலே இருக்கும் டவர் பாறையில் ஏறி நின்றால் போன் எடுக்கும் என்பது அவனுக்கும் தெரியும். தினமும் அங்கே உட்கார்ந்துதான் கதை பேசுவான். ஆனால் உதவி என்றால் கீழே இருந்துதானே வரும்! கால் தானாகக் கீழே ஓடியது. அன்று முதல், ஒருவர் மேலே ஏறுவது என்று முடிவாயிற்று.

ஓடையின் குறுக்கே, மேற்கரைப் புங்கமரத்திலிருந்து எதிர்க்கரைப் பாறைவரை ஒரு கயிறு கட்டினார்கள். டோலி சுமப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கடக்கலாம். இந்த ஆடியில் அதையும் மறுநடை நடந்து பார்த்தபோது நடு ஓடையில் பச்சமுத்து தோள் மாற்றினார். தோள் மாறியதும் சும்மாயிருக்கும் கையும் மாறியது. அந்தப் பக்கம் பிடிக்கக் கயிறில்லை. கை காற்றில் துழாவியது. டோலிக்குள்ளிருந்து இவர், "இன்னொரு கவுறு வேணும்" என்றார். அதை வாங்கத்தான் கள்ளக்குறிச்சிக்குப் போனார்.

எல்லாவற்றிலும் பெரிய தகராறு வேறொன்றில் வந்தது. டோலியில் தலை முன்னே இருக்கும்படிதான் தூக்குவார்கள். கால் முன்னே போவது பிணம். உயிரோடு இருக்கிறவரை அப்படிக் கொண்டுபோனால் எமனுக்கு வழிகாட்டியதுபோல ஆகும் என்பது அங்கே நம்பிக்கை. பாதையோ இறக்கம். தலை முன்னே போனால் தலை கீழாகச் சரியும். மறுநடையில் அவருக்கு முகத்தில் ரத்தம் ஏறி, வயிறு நெஞ்சுக்கு வந்து மூச்சை அமுக்கியிருக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார். கால் முன்னே வைத்துத் தூக்கச் சொல்லி ஒருமுறை வந்து பார்த்தார். கரியாலூரில் செவிலியரிடம் கேட்டபோது, அதுதான் சரி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவும் வையுங்கள் என்றாராம்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னார்: "தலை முன்னால போனா விட்டுட்டுப் போற ஊருதான் தெரியுது டீச்சரம்மா. வூடு சின்னதாயினே போவுது. கால் முன்னால போனா, ரெண்டு காலுக்கு நடுவுல போவப்போற ஊரு தெரியுது. அந்தப் பொண்ணு கடைசியா இன்னாத்தப் பாத்துக்கினு வந்திச்சின்னு அப்பத்தான் புரிஞ்சிச்சி." அதற்குமேல் சாப்பிடவில்லை.

அதற்குள் தனுஷா முழுகாமல் இருந்தாள். நாள் குறித்திருந்தது கார்த்திகையில். ஐப்பசி பாதியிலேயே கீழே வந்து ஆஸ்பத்திரியருகே தங்கிவிடவேண்டும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். முன்னாடியே வலி கண்டுவிட்டால், ஓடையிலும் வெள்ளம் வந்துவிட்டால் டோலி ஒன்றுதான் வழி. அம்சவள்ளி முற்றத்தில் நின்று கத்தினாள்: "ஒரு பொண்ணத் தூக்கிக் குடுத்துட்டேன். மிச்சம் கீறவளக் கால முன்னால விட்டுக் கொண்டுபோவ விடமாட்டேன். செத்தாலும் வூட்லயே சாவட்டும்."

"யக்கா, என்னத்தான தூக்கறாங்க? எத்தினி வாட்டி வேணாலும் கால் முன்னால தூக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்பறம் நம்பு" என்றார் இவர்.

அது ஆவணியில். புரட்டாசியில் செத்துப்போனார்.

கருமாதிக்குப் பச்சமுத்து வந்தார். வாழையிலை முன் உட்கார்ந்தவர் சோற்றைத் தொடவில்லை. அவருக்கு ஒருபக்கம் தமிழழகன், என் கணவரோடு அதே வழியில் ஜீப்பு ஓட்டுகிறவர், அன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனவர். மறுபக்கம் கயிற்றுக்கடை அரங்கநாதன். அழைக்காமலே வந்திருந்தார்.

"அண்ணி, சொல்லக்கூடாது. எங்கூர்ல எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. கால் முன்னால போனாரு, எமன் கூட்டினு பூட்டான்றாங்க. டோலிக் கழியக்கூட ஒடச்சி அடுப்புல வச்சிட்டாங்க. எங்கக்கா தனுஷாவ வாசப்படி தாண்ட விடமாட்டேங்குது. கீழ வந்து தங்கறதும் கெடையாதாம். எனக்கே கையி வரமாட்டேங்குது அண்ணி."

கேட்டுக்கொண்டிருந்தபோது எல்லாம் எங்கோ தொலைவில், தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. அழுகை வரவில்லை. அவர் நெல்லிவளவில் செய்ததெல்லாம் அவருடைய சாவோடு சேர்ந்து எரிந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. தனுஷாவின் முகமும் நினைவுக்கு வந்தது. யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்த சொல் அவருடையதுதான்.

"எங்க?" என்றேன்.

பச்சமுத்து ஏறிட்டுப் பார்த்தார்.

"உங்க அண்ணன் எங்க செத்தாரு? எங்க ஆரம்பிச்சிச்சி? ஆளாளுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க. யாருன்னு பேசவேணாம்."

நானே தொடங்கினேன். காலையில் இட்டிலியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார். அது இந்த வீட்டில். பிறகு தமிழழகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வழியில ரெண்டு வாட்டி தோள்பட்டையத் தேச்சினு வந்தாரு. ராத்திரி ஒருக்களிச்சிப் படுத்துட்டேன்டான்னாரு. பஸ் ஸ்டாண்டாண்ட எறங்குனதும் நெஞ்சு கனமா கீதுன்னாரு. கேஸுன்னு சொல்லி ஒரு சோடா வாங்கிக் குடிச்சாரு. நானும் ஒண்ணு குடிச்சேன்."

"எங்கடையில படியேறும்போதே வேர்த்து ஊத்திச்சி. வெயிலுக்குன்னு நெனச்சி ஃபேனப் போட்டேன்" என்றார் அரங்கநாதன்.

"சோடாக்கடையில இருந்து ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்?"

"எதுத்தாப்புல அண்ணி" என்றார் தமிழழகன். "ரோட்டத் தாண்டினா ஆஸ்பத்திரிதான்."

பச்சமுத்து தலையை மெல்ல ஆட்டினார். "மலையெல்லாம் ஏறி எறங்கி எங்களுக்கு வழி பாத்துக் குடுத்தவரு, ஒரு ரோட்டத் தாண்டல. அண்ணன் டோலியில சாவல அண்ணி. சோடாக்கடையில செத்துட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு இலையில் இருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

கருமாதி முடிந்த நான்காம் நாள் நீலக்கயிற்றுப் பையை எடுத்துக்கொண்டு தமிழழகனின் ஜீப்பில் மலைக்குப் போனேன். புருஷன் செத்த வீட்டிலிருந்து இவ்வளவு சீக்கிரம் வெளியே கிளம்புவதா என்று தெருவில் பேசினார்கள். நெல்லிவளவில் அம்சவள்ளியும் அதையேதான் கேட்டாள்.

"ஈரம் காயறதுக்குள்ள இங்க இன்னாத்துக்கு வந்த? வயித்துப்புள்ளக்காரி கீற வூடு."

"உன் வூட்டுக்குள்ள வரலக்கா. டோலியில படுக்க வந்தேன். கால் முன்னால."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பைத்தியம் புடிச்ச குடும்பம்" என்றாள். ஆனால் உள்ளே போய்விடவில்லை. பச்சமுத்து நடந்ததையெல்லாம், இட்டிலியிலிருந்து சோடாவரை, ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார். ஓராண்டுக்குப் பிறகு தம்பி பேசியதை அவள் நின்று கேட்டது அன்றுதானாம். வாசற்படிக்கு உட்புறம் நின்ற தனுஷா ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது மூங்கில் வெட்டினார்கள். கம்பளிக்குள் படுத்தேன். தூக்கியதும் பூமி என்னை விட்டுவிட்டது.

இத்தனை நாள் அவர் சொல்லக் கேட்டதுதான், ஆனாலும் நான் எதிர்பார்த்தது அதுவல்ல. கம்பளியின் இரண்டு ஓரங்களுக்கு இடையே வானம் ஓர் ஆற்றைப்போல நீளமாகத் தெரிந்தது. மூடுபனி அதில் பாலாக ஓடியது. மரங்களின் உச்சிகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்துவிட்டுப் பின்னால் போயின. மூங்கில் என் காதருகே மெல்ல முனகியது. சுமப்பவர்களின் மூச்சு ஒருவருடையதா, இருவருடையதா என்று பிரிக்கமுடியவில்லை. சற்றுநேரத்தில் அது என்னுடையதும் ஆனது. அவர் படுத்த அதே தாழ்வில் என் முதுகு படிந்திருப்பதாக ஒரு நினைப்பு. கரும்புக் கட்டின் மேல் மல்லாந்து போகிற சிறுவன் எங்கோ பக்கத்தில் படுத்திருக்கிறான். கை நீட்டினால் படும். நான் நீட்டவில்லை.

அம்சவள்ளி கூடவே நடந்து வந்தாள். எப்போது சேர்ந்துகொண்டாள் என்று தெரியவில்லை. வளைவுக்கு வளைவு கம்பளியை விலக்கிக் கேட்டாள்.

"இன்னா தெரியுது?"

"வானம்."

அடுத்த வளைவில்: "இப்ப?"

"என் காலு. காலுக்கு அந்தாண்ட பாதை."

"மூச்சு முட்டுதா?"

"இல்லக்கா."

கொத்திய பாறையில் இறங்கியபோது டோலி அசையவில்லை. ஓடை வந்தது. தண்ணீரின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடியது. சுமப்பவர்கள் பேசுவது கேட்கவில்லை. அந்த ஒரு கணம் பயமாக இருந்தது. உலகில் யாருமே இல்லாததுபோல. அப்போது ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது. அம்சவள்ளியின் கை. கரையேறும்வரை அவள் அதை விடவில்லை.

இறக்கி வைத்ததும் சொன்னேன்: "தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா. ஓடையாண்ட யாராச்சும் கால தொட்டுக்கினே வரணும்."

அம்சவள்ளி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஜெயசுதாவுக்குத் தல முன்னால போச்சி. நான் பின்னாலதான் அழுதுகினு வந்தேன். எம்மூஞ்சியப் பாத்துக்கினே போயிருப்பா." பிறகு தம்பியிடம் திரும்பி, "டேய் பச்சமுத்து, எம் பொண்ணுக்குக் கால நான் புடிச்சினு வரேன். அந்தக் கவுத்தக் கட்டு" என்றாள்.

அன்றே கட்டினார்கள். உருகிய நுனி எதிர்க்கரைப் பாறையில், விரிந்த நுனி மேற்கரைப் புங்கமரத்தில். யாரிடமும் தீப்பெட்டி இல்லை. பச்சமுத்து முடிச்சை இறுக்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆனையக் கட்டலாம்" என்றார்.

கீழே வந்து தங்குவதற்கு நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே தனுஷாவுக்கு வலி கண்டுவிட்டது. இரவெல்லாம் பெய்த மழை விடிந்தும் விடவில்லை. ஒருவர் டவர் பாறைக்கு ஏறினார். தமிழழகனுக்குப் போன் வந்தபோது அவர் வெள்ளிமலையில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். தனுஷாவை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால் முன்னே தூக்கினார்கள். வேலியோரப் பெண்கள் ஒருவரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார்கள். ஓடையில் தண்ணீர் இடுப்பளவு. நடு ஓடையில் பச்சமுத்து தோள் மாற்றினார். கை அந்தப் பக்கம் போனது. அங்கே கயிறு இருந்தது.

மாலை நாலு மணிக்கு எனக்குப் போன் வந்தது. அவருடைய போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதில்தான் வந்தது. எடுக்கக் கொஞ்சம் தயங்கினேன்.

"அண்ணி, ஆம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லா கீது" என்றார் பச்சமுத்து. பின்னால் அம்சவள்ளி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

நல்லபடியாக முடிந்தாலும் மறுநடை உண்டு என்பது அவர் வைத்த வழக்கம். கெட்டது நடந்தால் மட்டும் போய்ப் பார்ப்பவனுக்குப் பாதி வழிதான் தெரியும் என்பார். மார்கழியில், பனி இறங்கிய ஒரு காலையில் எல்லோரும் சேர்ந்து நடந்தோம். தனுஷா பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். டோலியில் போனவள் அவள்தான். அதனால் அவள்தான் சொல்லவேண்டும்.

"கொத்துன கல்லாண்ட ஒண்ணும் தெரியல. ஓடையில அம்மா கையி ஐஸாட்டம் இருந்திச்சி. ஆனா விடல. அப்பறம் கண்ணத் தொறந்து பாத்தா, காலுக்கு நடுவுல ஜீப்பு லைட்டு. மழையில மஞ்சளா. அதப் பாத்துகினே வந்தேன்."

"வேற ஒண்ணும் இல்லியா?" என்றேன்.

யோசித்தாள். "ஓடைக்கு எறங்கும்போது புங்கமரத்தாண்ட என்னமோ மூஞ்சியில பட்டிச்சி. ஈரமா, பூன வாலாட்டம். பயந்தே பூட்டேன்."

மரத்தருகே போய்ப் பார்த்தோம். நீலக்கயிற்றின் விரிந்த நுனி முடிச்சுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நூல்கள் முன்னைவிட அதிகம் பிரிந்திருந்தன. பச்சமுத்து மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பனியில் நமுத்துப்போய், கிழிக்கக் கிழிக்கக் குச்சிகளின் தலை உதிர்ந்தது. அடுத்தமுறை வரும்போது லைட்டர் கொண்டுவருகிறேன் என்றார் தமிழழகன். உள்ளங்கையில் பட்ட அந்த நூல்களைக் குழந்தை இறுகப் பிடித்துக்கொண்டது. தனுஷா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

தை பிறந்துவிட்டது. மேற்கரைப் புங்கமரத்தில் கட்டியிருக்கும் அந்த நுனியை இன்னும் சுடவில்லை.